சுத்தமாக அனுப்பவும்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். வைத்தவர்களுக்கு நேரில் கூப்பிடும் துணிச்சல் கிடையாது, நேரில் மேடம்தான். ஆனாலும் பெயரைப் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் இரண்டு நிமிடம் பார்ப்பாள், தீர்ப்பைச் சொல்லிவிடுவாள், அதற்குமேல் முறையீடு கிடையாது. கோபம் எப்போதும் மூக்கின் நுனியில் தயாராக இருக்கும். அதற்காக அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். தன் வேலையையும் அதே கறாரோடுதான் பார்ப்பாள். ஒரு சொட்டு கூடிவிட்டது என்று மூன்று நாள் வேலையைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்த ஆள். மன்னிப்புக் கேட்பது மட்டும்தான் அவளுக்குக் கைவராத காரியம்.

கடலடிப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வளரும் கடற்பஞ்சுகளை நறுக்கி, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பது அவள் வேலை. கொசு கடித்து வருகிறதே காய்ச்சல், அந்த வைரஸை அடக்கும் சரக்கு ஏதாவது அந்தச் சாற்றில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். கடற்பஞ்சால் ஓட முடியாது, கடிக்க முடியாது, ஒளியவும் முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிரிகளைச் சமாளித்தாக வேண்டும். அதனால் விதவிதமான ரசாயனங்களை உடம்பில் வைத்திருக்கும். அதில் ஒன்றாவது நமக்கு உதவாதா என்பதுதான் கணக்கு. அந்தக் காய்ச்சலுக்கு நேரான மருந்து இன்னும் இல்லை. தண்ணீர் கொடுப்பார்கள், சூட்டை இறக்குவார்கள், ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே இருப்பார்கள், மீதியை உடம்பின் கையில் விட்டுவிடுவார்கள்.

அவள் எடுத்த சாற்றைச் சோதிப்பது அடுத்த அறைக்காரி. "சாப்பிட்டீங்களாடா கண்ணுங்களா" என்று கேட்டுக்கொண்டே தட்டுகளில் செல்களை வளர்ப்பவள். அதனால் அவள் செல்லம்மா. தட்டின் குழிகளில் செல்களைப் பாய் விரித்தாற்போல் படரவிட்டு, அதன்மேல் வைரஸை ஊற்றுவாள். ஐந்தாறு நாள் கழித்து ஊதாச் சாயம் போட்டால், உயிரோடிருந்த செல்கள் ஊதாவாக நிற்கும். வைரஸ் தின்ற இடங்கள் வெள்ளை ஓட்டைகளாகத் தெரியும். ஓட்டைகளை எண்ண வேண்டும், அவ்வளவுதான் சோதனை. நாற்பது கடற்பஞ்சுகளின் சாற்றை ஊற்றிப் பார்த்தாகிவிட்டது, ஓட்டை குறைந்த பாடில்லை.

நாற்பத்தொன்றாவதில் ஓட்டையே இல்லை.

"மேடம், ஒரு நிமிஷம் வாங்களேன். வைரஸ் ஊத்த மறந்துட்டேனோன்னு பயமா இருக்கு" என்று செல்லம்மா கூப்பிட்டாள். மறக்கவில்லை. மறுபடி செய்தார்கள், மறுபடியும் ஓட்டை இல்லை. மூன்றாம் முறையும் இல்லை. செல்களுக்கும் ஒரு கேடும் வரவில்லை. ஜட்ஜம்மா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். வெளியே வந்து, தரையில் தண்ணீர் சிந்தியிருக்கிறது என்று யாரையோ திட்டினாள். முடிவைச் சின்னக் கட்டுரையாக எழுதினார்கள். அது ஒரு சஞ்சிகையில் வந்தது. அங்கிருந்தும் இங்கிருந்தும் கடிதங்கள் வந்தன.

கிடைத்ததோ இரண்டு சிட்டிகை சாறு. சோதனைகளிலேயே அது தீர்ந்துபோயிற்று. கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுத்துக்கொடுக்கும் டைவரிடம், அதையே அதே பாறையிலிருந்து மறுபடி எடுத்து வரச் சொன்னாள். வந்தது. சாறு எடுத்தாள். தட்டு முழுக்க ஓட்டை. இன்னொரு முறை வரவழைத்தாள். அதிலும் ஓட்டை. எட்டு மாதத்தில் ஐந்து தடவை வரவழைத்தாயிற்று. ஆல்கஹாலை மாற்றிப் பார்த்தாள், சூட்டைக் குறைத்துப் பார்த்தாள், தலைகீழாக நின்று பார்த்தாள். சல்லடைபோல் ஓட்டை விழுந்த தட்டுகளைச் செல்லம்மா ஒன்றும் பேசாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அவள் பேசாமல் போவதுதான் ஜட்ஜம்மாவுக்கு அதிகமாகச் சுட்டது.

ஒருநாள் இயக்குநர் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"யாரும் உங்களை ஒண்ணும் சொல்லலை" என்றார். ஒருவர் இப்படி ஆரம்பித்தால் எல்லோரும் எல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். "ஆனா வேற ரெண்டு இடத்துலயும் செஞ்சு பாத்திருக்காங்க. வரலை. நமக்கும் வரலை. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம். அப்பவும் வரலைன்னா, கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறோம்னு எழுதிடுவோம்."

"நான் பொய்யா எழுதினேன்னு நினைக்கிறீங்களா சார்?"

"நான் நினைக்கலை" என்றார். அந்த 'நான்' மட்டும் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது.

ஏழு வாரம் இருந்தது. கடலோ கொந்தளிக்கும் பருவம்; இரண்டு மாதத்துக்கு யாரும் இறங்க மாட்டார்கள். கையிலிருப்பதை வைத்துத்தான் விடை கண்டுபிடித்தாக வேண்டும். இருபது வருஷம் சேர்த்த பெயர், பொய்க்காரி என்ற ஒரே சொல்லில் போகப்போகிறது.

பதிவேட்டிலிருந்த புகைப்படங்களை எல்லாம் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தாள். முதலில் வந்த நாற்பத்தொன்றாவது கடற்பஞ்சு, மழையில் ஊறிய பழைய செருப்புபோல் சேறும் பாசியுமாக இருந்தது. பின்னால் வந்த ஐந்தும் பளிச்சென்ற மஞ்சள். கடையில் காட்சிக்கு வைக்கலாம், அவ்வளவு அழகு. அந்த இடத்தில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. இருபத்தெட்டு மீட்டர் ஆழத்தில் பாறை இடுக்கில் கிடப்பது எப்படி இவ்வளவு பளிச்சென்று இருக்கும்? டைவர் கீழே போகவே இல்லை! மேலாகப் பத்து மீட்டரில், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறு எதையோ பிய்த்துக்கொடுத்து ஏமாற்றியிருக்கிறார். இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் டைவர் வீட்டுக்குப் போய் நின்றாள்.

சின்ன வீடு. முன்னறையில் தையல் இயந்திரம், அதன் பக்கத்தில் வெட்டிவைத்த பள்ளிச் சீருடைத் துணி. தைத்துக்கொண்டிருந்த டைவரின் மனைவி எழுந்து, "வாங்க வாங்க" என்றார். யாரென்று தெரிந்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்து, "லேப் மேடம் வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தார். டைவர் பின்கட்டில் தன் ரப்பர் உடுப்பைக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். தலையில்லாத ஆள் ஒருவன் அங்கே தொங்குவதுபோல் இருந்தது.

"சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே மேடம். உக்காருங்க."

"உக்கார வரலை. ஒரே கேள்வி, நேரா பதில் சொல்லுங்க. அஞ்சு தடவை அனுப்பினீங்களே, அதெல்லாம் எங்க எடுத்தது?"

"அதே பாறைதான். ஃபார்ம்ல எழுதியிருக்கேனே."

"எழுதறதை யார் வேணும்னாலும் எழுதலாம்."

டைவரின் முகம் சுருங்கிப்போயிற்று. உள்ளே போய் ஒரு தடித்த கைக்கடிகாரத்தோடு வந்தார். தண்ணீருக்குள் எந்த நாளில் எவ்வளவு ஆழம் போனார் என்பதைத் தானே குறித்துவைத்துக்கொள்ளும் கடிகாரம். பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு நாளாகக் காட்டினார். இருபத்தெட்டு. இருபத்தேழரை. இருபத்தெட்டேகால். ஐந்து தேதிகளும் பதிவேட்டோடு ஒத்துப்போயின.

"எனக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சாலும் இதுக்குத் தெரியாது மேடம்" என்றார்.

ஜட்ஜம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் எழுதிய தீர்ப்பை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. பையிலிருந்த புகைப்படங்களை எடுத்து நீட்டினாள். "அப்ப இது மட்டும் ஏன் இப்படிப் பளிச்சுனு இருக்கு? முதல்ல வந்தது இப்படியா இருந்துச்சு?"

டைவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இது என்ன கேள்வி என்பதுபோல்.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க? உள்ள வந்து பாருங்க."

சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, சுவரில், தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆய்வுக்கூடத்துச் சீட்டு. சிவப்பு மையில் அவளுடைய கையெழுத்து. 'இனிமேல் சேறு, பாசி, குப்பை எதுவும் இல்லாமல் சுத்தமாக அனுப்பவும். தவறினால் திருப்பி அனுப்பப்படும்.' சுத்தமாக என்பதன் கீழே இரண்டு கோடு. அந்த நாற்பத்தொன்றாவது முதன்முதலில் சேறும் பாசியுமாக வந்த அன்று எரிச்சலில் எழுதியது. எழுதிய மறுநிமிடமே மறந்தும் போனது.

"அன்னிக்கு இவரு ரொம்ப நொந்துபோய் வந்தாரு" என்றார் அந்தம்மா. கணவரைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார். "நான்தான் சொன்னேன், அவங்க கேக்கறது நியாயம்தானே, மருந்துக்குப் போற சாமான் சுத்தமா இருக்க வேண்டாமான்னு. அதுலேருந்து நான் பாத்துக்கிறேன். கடல் தண்ணியே ஒரு கேன் புடிச்சுட்டு வந்துடுவாரு. நல்ல தண்ணி பட்டா வெளுத்துடுது. ஒவ்வொரு மடிப்பா விரிச்சு, மேல படிஞ்சிருக்கிற வழவழப்பெல்லாம் போறவரைக்கும் தேச்சு எடுப்பேன். ரெண்டு மணி நேரமாவது ஆகும். சோப்பு தொடவே மாட்டேன். பிரஷ்ல கூட சோப்பு காட்டினது கிடையாது. மருந்தாச்சே."

தொட்டியோரம் ஒரு டம்ளரில் அந்தப் பிரஷ் நின்றது. பல் தேய்க்கிற பிரஷ். நார்களின் அடியில் மஞ்சளும் பழுப்புமாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது.

ஜட்ஜம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வழவழப்பு! கடற்பஞ்சின் மேல் படலம் படலமாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்! வைரஸை அடக்கியது கடற்பஞ்சு இல்லை, அதன்மேல் ஒண்டுக்குடித்தனம் இருந்தவை. வாடகைக்கு இருந்தவர்களைத் துரத்திவிட்டு, காலி வீட்டைக் கூட்டிப் பெருக்கி எட்டு மாதமாகத் தேடியிருக்கிறாள். இப்படி நடப்பதுண்டு என்று அவளுக்குத் தெரியாதா? புத்தகத்தில் படித்ததுதான், மாணவர்களுக்குப் பாடமாகச் சொன்னதுதான். குப்பை என்று தான் எழுதிய ஒரு சொல் தன் கண்ணையே கட்டிவிட்டது.

அங்கே கிடந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். தன்மேல் பழி இல்லை என்ற நிம்மதி ஒரு கணம் வந்தது, நிஜம்தான். உடனே, இதை இந்தம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் வந்தது.

"என்ன மேடம், சரியா தேய்க்கலையா?" என்றார் அந்தம்மா. "இதைவிட அழுத்தித் தேச்சா பிஞ்சுடுமேன்னு பயம். அதான் சின்னப் பிள்ளைங்க பிரஷ்ல தேய்க்கிறேன். நார் மெத்துனு இருக்கும்."

அப்போதுதான் ஜட்ஜம்மா பிரஷைச் சரியாகப் பார்த்தாள். குட்டையான கைப்பிடி. அதன் நுனியில் முயல் முகம். இந்த வீட்டில் சின்னப் பிள்ளை யாரையும் அவள் பார்க்கவில்லை.

"எங்க பாப்பாவோடது" என்றார் அந்தம்மா. "அஞ்சு வருஷம் ஆகப்போகுது. ஒம்போது வயசு. இதே காய்ச்சல்தான். நாலாம் நாள் சூடு இறங்கிடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம். சூடு இறங்குற நேரம்தான் ஆபத்துன்னு எங்களுக்கு யாரும் சொல்லலை."

டைவர் வாசற்படியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷமாக இந்த மனிதர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துப் படியேறியிருக்கிறார். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை. ஃபார்மில் தேதி இல்லை, நேரம் இல்லை என்றுதான் கேட்டிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு, சும்மா எழுந்து போய்விடலாம் என்ற யோசனையும் வந்தது. 'நன்றாகத்தான் தேய்த்திருக்கிறீர்கள், அடுத்த தடவை தேய்க்க வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் போதும். யாருக்கும் நோகாது. ஆனால் காரணம் தெரியாத ஆளிடம் அந்தப் பிரஷை எப்படிக் கேட்பது? அதைவிட, இந்தம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு தட்டில் ஓட்டை எண்ணுவது?

"அக்கா" என்றாள். அதுவரை யாரையும் அவள் அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. "நான் தேடிட்டிருந்தது அந்தப் பஞ்சுல இல்லை. மேல வழவழன்னு இருந்துச்சே, அதுலதான் இருந்திருக்கு."

அந்தம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் போகும் துளையைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா... மருந்தை நானே என் கையால கழுவி விட்டுட்டேனா?"

"நீங்க விடலைக்கா. நான் விடச் சொன்னேன்." சுவரைக் காட்டினாள். "அது என் கையெழுத்து. குப்பைன்னு எழுதினது நான். என்னை மன்னிச்சிடுங்க."

செல்லம்மா மட்டும் அங்கே இருந்திருந்தால் தன் காதையே நம்பியிருக்க மாட்டாள்.

வாசற்படியிலிருந்து டைவர் தொண்டையைக் கனைத்தார். "என்னைச் சந்தேகப்பட்டீங்களே, அதுக்கு?"

"அதுக்கும்தான் அண்ணே."

"சரி, சரி" என்றார் அவர். திரும்பாமலே முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அந்தம்மா அழவில்லை. டம்ளரிலிருந்து பிரஷை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இதுல ஒட்டியிருக்கே, இது?"

அதைத்தான் ஜட்ஜம்மாவும் கேட்க நினைத்திருந்தாள், வாய் வரவில்லை. இந்த நுண்ணுயிர்களில் சில லேசுப்பட்டவை அல்ல. காய்ந்து கருவாடானாலும் விதைபோல் சுருண்டு, உயிரைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். ஈரமும் தீனியும் காட்டினால் எழுந்துவிடும். சோப்பு மட்டும் பட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். மருந்தாச்சே என்று இந்தம்மா சோப்பைத் தொடாமல் இருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

"இருக்கலாம்க்கா. உறுதியா சொல்ல முடியாது. எடுத்துட்டுப் போய்ப் பாக்கணும்."

"கொண்டு போங்க. ஆனா திருப்பிக் கொடுத்துடணும்."

இங்கேதான் சிக்கல். சோதனைக்கென்று வைரஸ் அறை இருக்கும் கட்டடத்துக்குள் நுழைந்த எந்தப் பொருளும் அழுத்தக் கொதிகலனில் வெந்துதான் வெளியே வரும். பிளாஸ்டிக் பிரஷ் வெந்தால் முயல் உருகிப்போகும். திருப்பித் தருகிறேன் என்று சொல்லி எடுத்துப் போவது சுலபம், பிறகு விதியைக் காட்டிக் கைவிரிப்பதும் சுலபம். வேறொரு நாளாயிருந்தால் ஜட்ஜம்மா அதையும் செய்திருக்கக்கூடியவள்தான்.

"பிரஷ் இங்கயே இருக்கட்டும்" என்றாள். "நாலஞ்சு நார் மட்டும் பிடுங்கிக்கிறேன். வீட்டுல சாமணம் இருக்கா?"

தையற்காரி வீட்டில் சாமணத்துக்கா பஞ்சம்? நூல் பிரிக்க வைத்திருந்த கூர்மையான ஒன்றை எடுத்துவந்தார். தண்ணீர் கொதிக்கவைத்து அதில் போட்டார்கள். ஜட்ஜம்மாவின் பையில் எப்போதும் இரண்டு மூடிபோட்ட சின்னக் குழாய்கள் இருக்கும். கைக்குட்டை மறந்தாலும் அவற்றை மறக்க மாட்டாள். மேசையைத் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினார்கள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் பிடுங்கப் போனாள், சாமணம் நாரைப் பிடிக்காமல் இரண்டு தடவை வழுக்கியது. "குடுங்க இப்படி" என்று அந்தம்மா வாங்கிக்கொண்டார். பின்வரிசையில், எடுத்தது தெரியாத இடமாகப் பார்த்து, ஒவ்வொன்றாக ஏழு நார்களைப் பிடுங்கிக் குழாயில் போட்டார். தையல் பிரிப்பதைப்போல் சுத்தமாகச் செய்தார்.

திங்கட்கிழமை ஜட்ஜம்மா இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார், பிறகு யோசித்தார்.

"சேகரிப்பில் நேர்ந்த பிழைன்னு ஒரு வரி எழுதிட்டா போதுமே. உங்க பேரும் கெடாது, விஷயமும் முடிஞ்சுது."

"சேகரிச்சவங்க ஒரு பிழையும் செய்யலை சார். நான் எழுதிக் கொடுத்ததைத்தான் செஞ்சாங்க. பிழை என்னோடதுன்னே எழுதணும்."

"எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும்."

நார்களைக் கடல் நீர் கலந்த தீனியில் போட்டுவைத்தாள். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் வேண்டாத பூஞ்சைகள் வந்தன, ஒதுக்கினாள். மூன்றாம் வாரக் கடைசியில், ஒரு நாரின் ஓரத்தில், மாவு தூவியதுபோல் வெளுத்த புள்ளி ஒன்று எழும்பியிருந்தது. மூடியைத் திறந்தால் முதல் மழை பெய்த மண்ணின் வாசனை. அதைத் தனியே வளர்த்துச் சாறு எடுத்தாள். ஆனால் தன் கையால் சோதனைக்குக் கொடுக்கவில்லை. சாறு, வெறும் தீனி, வெறும் தண்ணீர் என்று பன்னிரண்டு குப்பிகளில் எண் மட்டும் ஒட்டி, எது எது என்ற பட்டியலை இயக்குநரின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டச் சொன்னாள். இனி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

ஏழாம் வாரம் செல்லம்மா தட்டுகளோடு வந்தாள். இந்தத் தடவை பேசாமல் வரவில்லை. "மேடம், மூணுல ஓட்டை இல்லை!" என்று தாழ்வாரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். இழுப்பறையைத் திறந்து பார்த்தார்கள். சாறு ஊற்றியவை அந்த மூன்றுதான்.

கட்டுரையைத் திரும்ப வாங்கும் கடிதம் போகவில்லை. திருத்தம் போயிற்று. அதில் நாலாவது வரி, கழுவச் சொன்னது கட்டுரை ஆசிரியரின் எழுத்து மூலமான கட்டளை என்றது. நுண்ணுயிர் கிடைத்த இடம் என்ற கட்டத்தில், டைவர் வீட்டுச் சமையலறை, குழந்தையின் பல் பிரஷ் என்று எழுதியிருந்தது. சிலர் சிரித்தார்கள். ஜட்ஜம்மா கண்டுகொள்ளவில்லை.

டைவரையும் மனைவியையும் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னாள். சாயம் போட்டு முடித்த தட்டில் வைரஸ் செத்திருக்கும், கையில் எடுக்கலாம். விளக்குப் பெட்டியின் மேல் தட்டை வைத்தாள். அந்தம்மா குனிந்து பார்த்தார்.

"இந்த ஓட்டையெல்லாம்?"

"காய்ச்சல் வைரஸ் தின்ன இடம்க்கா."

"பாப்பாவுக்கும் உள்ள இப்படித்தான் இருந்திருக்குமா?"

டைவர் மனைவியின் தோளில் கை வைத்தார். இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லும் ஜட்ஜம்மா இதற்குப் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

"சரியா இப்படியேன்னு சொல்ல முடியாதுக்கா. உடம்புக்குள்ள இன்னும் என்னென்னவோ நடக்குது. ஆனா ஆமா, இதேதான்."

அந்தம்மா தலையசைத்தார். ஓட்டை இல்லாத குழிக்கு நகர்ந்தார். "இதுதான் நம்ம பிரஷ்லேருந்து வந்ததா? அப்ப இது மருந்தா?"

"இன்னும் இல்லை. தட்டுல வேலை செய்யுது, அவ்வளவுதான். எலிக்கு ஒத்துக்கணும், மனுஷனுக்கு ஒத்துக்கணும். பத்து வருஷம் ஆகலாம். ஆகாமலே போகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம்" என்றார் அந்தம்மா. பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். சுவரிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்திருந்தார். "இதை மாத்தி எழுதிக் குடுங்க. எழுத்துல இருந்தாத்தான் இவரு கேப்பாரு."

ஜட்ஜம்மா சிவப்புப் பேனாவை விட்டுவிட்டு நீலத்தை எடுத்தாள். 'கடலிலிருந்து எடுத்தபடியே, கழுவாமல் அனுப்பவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தம்மா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். எழுந்து கிளம்பப் போனவர் நின்றார்.

"கழுவ வேண்டாம்னா, நான் என்ன பண்றது மேடம்? அந்த ரெண்டு மணி நேரம் பிரஷைக் கையில வச்சிருக்கும்போது, அவளுக்கே ஏதோ செய்யற மாதிரி இருக்கும்."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. டைவருக்கே அது அன்றுதான் தெரிந்தது, பாவம். மருந்தைக் கழுவிக் கொட்டவைத்தது போதாதென்று, இதையும் பிடுங்கிக்கொண்டுவிட்டோமே என்று ஜட்ஜம்மா பதறினாள்.

"அக்கா" என்றாள். "இனிமே எல்லாத் தட்டையும் ரெண்டு பேர் எண்ணணும்னு சார் உத்தரவு போட்டிருக்கார். ஒருத்தர் லேப் ஆள், ஒருத்தர் வெளி ஆள். எதுல என்ன ஊத்தினதுன்னு எண்ணறவங்களுக்குத் தெரியக்கூடாது. கண்ணு கூர்மையா இருக்கணும், பொறுமை வேணும். சனிக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம். வருவீங்களா?"

"நான் எண்ணலாமா?"

"ஏழு நாரை எடுத்தது தெரியாம எடுத்தீங்களே. உங்களை விட்டா யாரு?"

அடுத்த சனிக்கிழமை அந்தம்மா நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். வெள்ளை அங்கி கொஞ்சம் பெரிதாக இருந்தது; வந்த வேகத்தில் அதன் கையை அளவாக மடித்து ஊசி குத்திக்கொண்டார். விளக்குப் பெட்டியின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு குழியாக எண்ணினார். முப்பத்தொன்று. முப்பத்தாறு. இருபத்தொன்பது. பக்கத்தில் உட்கார்ந்து செல்லம்மா எழுதினாள். பத்தாவது குழிக்கு வந்ததும் குரல் நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், தட்டைச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே மேடம்."

"நல்லா பாத்துட்டீங்களா?" என்றாள் ஜட்ஜம்மா. அவளுக்கும் அது எந்தக் குப்பி என்று தெரியாது.

"மூணு தடவை பாத்துட்டேன்."

"அப்ப பூஜ்யம்னு நீங்களே எழுதுங்க."

செல்லம்மா பேனாவை நீட்டினாள். அந்தம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு, கட்டம் நிறைய ஒரு பூஜ்யம் போட்டார். பிறகு அடுத்த குழியை எண்ண ஆரம்பித்தார்.